புளோரிடாவில் தங்கையின் வீடு: சூறாவளிக் காப்புறுதியை விட்டுவிடலாமா?

அங் மோ கியோ ஆசிரியை:

வணக்கம். இங்கே அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் காப்புறுதித் துறையில் வேலை செய்பவர்களும் இருப்பதால் கேட்கிறேன். என் தங்கை எடுக்கப்போகும் ஒரு முடிவு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. மே மாதம் அவளுடைய பாலிசி புதுப்பிக்கப்பட வேண்டும், அதற்குள் அவளிடம் நான் உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும்.

அவள் இருப்பது புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். தாம்பா விரிகுடாவும் மெக்சிகோ வளைகுடாவும் மூன்று பக்கமும் சூழ்ந்த தீபகற்பம் அது. வீடு 1978இல் கட்டியது. தரைத்தளம் மட்டும், கான்கிரீட் கல் சுவர், மரச்சட்டத்தின்மேல் ஷிங்கிள் என்னும் மெல்லிய கூரைத் தகடுகள் வேய்ந்த கூரை. அந்தக் கூரையை 2011இல் மாற்றினார்கள். தங்கையின் கணவர் இறந்தபோது வந்த பணத்தில் மீதிக் கடனை அடைத்துவிட்டாள். இப்போது 63 வயதில் தனியாக இருக்கிறாள், நூலகம் ஒன்றில் பகுதிநேர வேலை. அந்த வீட்டைத் தவிர அவளுக்குச் சொத்து என்று சொல்ல எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு காப்புறுதிச் சந்தா 4,100 டாலர். இந்த ஆண்டுக் கடிதத்தில் 6,900. வீட்டைத் திரும்பக் கட்ட 380,000 டாலர் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சூறாவளிச் சேதம் என்றால் அதில் 2 விழுக்காட்டை, அதாவது 7,600 டாலரை, முதலில் அவள் போட்டுக்கொள்ள வேண்டும். இதை டிடக்டிபிள் என்கிறார்கள். இதை 5 அல்லது 10 விழுக்காடாக உயர்த்திக்கொண்டால் சந்தா குறையும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அவள் யோசிப்பது வேறு. கடன் இல்லாததால் வங்கி கேள்வி கேட்காது. எனவே பாலிசியிலிருந்து புயல்காற்றை மட்டும் எடுத்துவிடலாம், சந்தா 2,500க்கும் கீழே வந்துவிடும் என்று முகவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அவள் தன் கைப்பட ஒரு வாசகம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தொலைபேசியில் படித்துக் காட்டினாள். புயல்காற்றால் வரும் சேதத்துக்கு என் வீட்டுக் காப்புறுதி பணம் தர வேண்டாம், அந்தச் செலவை நானே ஏற்பேன், என் காப்புறுதி ஏற்காது என்ற பொருளில் ஆங்கிலத்தில் மூன்று சிறு வரிகள். அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டால் போதாது, எழுத்தெழுத்தாக எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம். கேட்டவுடன் எனக்கு வயிறு கலங்கியது.

1921க்குப் பிறகு பெரிய சூறாவளி எதுவும் தாம்பா விரிகுடாவை நேராகத் தாக்கியதில்லை என்கிறாள். 2024இல் ஹெலீனும் மில்டனும் வந்தனவே என்றேன். ஹெலீன் வடக்கே பிக் பெண்ட் பகுதியில் கரையைக் கடந்தது, மில்டன் தெற்கே சியஸ்டா கீயில் கடந்தது, இரண்டும் எங்களுக்கு நேராக இல்லை என்று பதில் சொல்கிறாள். ஆனால் ஹெலீனின்போது கடல்நீர் ஷோர் ஏக்கர்ஸ் குடியிருப்பில் வீடுகளுக்குள் புகுந்தது. இவள் வீட்டு வாசல்வரை வந்து நின்றது. இரண்டு வாரத்துக்குள் மில்டன் வந்து டிராப்பிக்கானா பேஸ்பால் அரங்கத்தின் கூரையைக் கிழித்தெறிந்தது. அரங்கம் இவள் வீட்டிலிருந்து காரில் சிறிது தூரம்தான். இவள் கூரையில் சில ஷிங்கிள்கள் மட்டும் போயின.

நான் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் இருப்பவள். கட்டாயத் தீக்காப்புறுதிக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பத்து வெள்ளிகூட நான் கட்டியதில்லை. அவளுக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வது என்று தெரியவில்லை. சந்தாவைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறதா? 5 அல்லது 10 விழுக்காடு தேர்ந்தெடுப்பது சரியா? ஏன் ஒரே ஆண்டில் இப்படி ஏறுகிறது? தம்பியும் நானுமாகச் சேர்ந்து பணம் அனுப்பத் தயார். ஆனால் எதற்கு அனுப்புகிறோம் என்று புரிந்து அனுப்ப விரும்புகிறேன்.

பொங்கோல் வாசி:

அக்கா, நான் புளோரிடாவின் கேப் கோரலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 2023இல் திரும்பியவன். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி கேயோ கோஸ்டா தீவில் கரையைக் கடந்தபோது அங்கேதான் இருந்தேன். உங்கள் தங்கையிடம் முதலில் சொல்ல வேண்டியது காற்றைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. அவரிடம் தனியாக வெள்ளக் காப்புறுதி இருக்கிறதா? உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளத்தை ஏற்காது. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரும் அவர்கள் கணக்கில் வெள்ளம்தான். எங்கள் தெருவில் ஒரு முதியவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சேதத்தை மதிப்பிட வந்தவர் கூடத்துச் சுவரில் படிந்திருந்த பழுப்புக் கோட்டைப் பார்த்தார், அளவு நாடாவை நீட்டினார், தரையிலிருந்து கோடுவரை அளந்து குறித்துக்கொண்டார். கோட்டுக்குக் கீழே இருந்தவை எல்லாம் வெள்ளச் சேதம்: சோபா, அலமாரி, குளிர்பதனப் பெட்டி, மின்செருகிகள், சுவர்ப் பலகை. அவருடைய பாலிசி அவற்றுக்கு ஒரு டாலரும் தரவில்லை. கோட்டுக்கு மேலே கூரை ஓரத்தில் கொஞ்சம் ஷிங்கிள் போயிருந்தது. அந்தத் தொகை டிடக்டிபிளைக்கூடத் தாண்டவில்லை. ஆண்டுக்கணக்காகச் சந்தா கட்டியவர் அவர். அந்த அளவு நாடா இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வெள்ளத்துக்கு 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. கட்டடத்துக்கு அதிகபட்சம் 250,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 100,000. தனியார் வெள்ளப் பாலிசிகளும் உண்டு. அரசுத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது 30 நாள் காத்திருப்பு. இன்று வாங்கினால் இன்று செல்லாது. வங்கிக் கடன் எடுக்கும்போது வாங்கினால் இந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் அந்தச் சலுகை உங்கள் தங்கைக்குப் பொருந்தாது. சூறாவளிப் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. மே 1க்குள் அவர் வாங்கியாக வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. வெள்ள அபாய மண்டலத்தில் இருக்கும் பழைய வீடு சேதமடைந்து, சீர்செய்யும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டிவிட்டால், இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்த வேண்டும், இல்லையென்றால் இடித்துக் கட்ட வேண்டும். நிலத்தின் விலை அந்தக் கணக்கில் சேராது. 1978ஆம் ஆண்டு வீட்டின் கட்டட மதிப்பு குறைவாகத்தான் இருக்கும், அதனால் பாதியைச் சீக்கிரம் எட்டிவிடும். தேசியத் திட்டத்தில் இதற்கென்றே 30,000 டாலர்வரை ஒரு பிரிவு இருக்கிறது. வெள்ளப் பாலிசி இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

இனி சந்தா. குறைக்க நேர்மையான வழி இருக்கிறது, அது கூரைக்குள் இருக்கிறது. காற்றுத் தாங்குதிறன் ஆய்வு என்று ஒன்று உண்டு. ஆய்வாளர் பரணுக்குள் ஊர்ந்து போய்ப் படம் எடுப்பார், மாநில அரசின் ஓஐஆர் பி1-1802 என்ற படிவத்தை நிரப்புவார். அது ஐந்தாண்டுவரை செல்லும். அதில் வரும் ஒவ்வொரு சாதகமான பதிலுக்கும் சந்தாவில் காற்றுக்கான பகுதியில் தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம்.

அவர் முக்கியமாகப் பார்ப்பது கூரைச் சட்டம் சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை. பழைய வீடுகள் சிலவற்றில் ஆணியைச் சாய்வாக அடித்து விட்டிருப்பார்கள், அதற்கு மதிப்பு மிகக் குறைவு. அடுத்தது உலோகக் கவ்வி. அதற்கும் மேலே, சட்டத்தின் முதுகைச் சுற்றி வளைந்து மறுபுறம் இறங்கும் உலோகப் பட்டை, முன்பக்கம் குறைந்தது இரண்டு ஆணி, மறுபக்கம் ஒன்று. என் வீட்டில் கவ்விதான் இருந்தது. ஓரப் பலகையைக் கழற்றிப் பட்டை போட்டுத் தந்தார்கள். பழுப்பேறிய மரத்தின்மேல் பளபளக்கும் தகடும் மூன்று ஆணித் தலைகளும் தெரியும் ஒரு புகைப்படம்தான் எனக்கு அடுத்த ஆண்டுச் சந்தாவைக் குறைத்துத் தந்தது. நான்கு பக்கமும் சரியும் கூரைக்குத் தள்ளுபடி அதிகம், முக்கோணச் சுவர் எழும்பும் கூரைக்கு இல்லை. சன்னல்களுக்குப் புயல் கதவு போட்டால் ஒன்று விடாமல் எல்லாத் திறப்புகளுக்கும் போட வேண்டும், மிகப் பலவீனமான திறப்பை வைத்துத்தான் மதிப்பெண். கார் கொட்டகைக் கதவை மறந்துவிடாதீர்கள். அது உள்ளே சாய்ந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும்.

இந்த வேலைகளுக்கு மை சேஃப் புளோரிடா ஹோம் என்ற மாநிலத் திட்டம் உதவித்தொகை தருகிறது. வீட்டுக்காரர் போடும் ஒரு டாலருக்கு இரண்டு டாலர், அதிகபட்சம் 10,000. அறுபது தாண்டியவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் முன்னுரிமை. நிதி தீர்ந்தால் மூடிவிடுவார்கள், மறுபடி திறப்பார்கள். ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கினால் பணம் கிடைக்காது என்பதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

2011 கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து ஆண்டுக்குக் குறைவான கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. பதினைந்தைத் தாண்டினாலும், இன்னும் ஐந்தாண்டு தாங்கும் என்று ஆய்வாளர் சான்று தந்தால் மறுக்க முடியாது. ஆனால் இழப்பீட்டை எப்படித் தருவார்கள் என்று பார்க்க வேண்டும். புதுக் கூரையின் விலையைத் தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா? சந்தாவைக் குறைத்துக் காட்டும் பல பாலிசிகளில் இந்த இடத்தில்தான் கைவைத்திருப்பார்கள்.

வேதாரண்யத்துக்காரர்:

அம்மா, நான் சுவா சூ காங்கில் இருக்கிறேன், பிறந்த வீடு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் போய்விட்டது, தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. காப்பீடு கிடையாது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து பணம் போட்டோம், நிமிர்த்திவிட்டோம்.

அதனால் உங்கள் தங்கை சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆண்டுக்கு 6,900 என்றால் பத்து ஆண்டில் 69,000. அதை வங்கியில் தனியாகப் போட்டு வைத்தால் கூரையே மாற்றிவிடலாம். எங்கோ இருக்கும் நிறுவனத்துக்குக் கொட்டிவிட்டு, கடைசியில் சுவரில் கோடு போட்டு இல்லை என்று சொல்வதைக் கேட்க வேண்டுமா? நீங்களும் தம்பியும் அனுப்பும் பணத்தை அந்தச் சேமிப்பில் போடச் சொல்லுங்கள்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் பாரத் கிரிஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி வந்திருக்கிறது. புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் ஒரே பாலிசியில் அடக்கம். அமெரிக்காவில் காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பது மக்களை அலைக்கழிக்கும் வேலை என்றே எனக்குப் படுகிறது.

மறுகாப்புறுதி ஊழியர்:

டீச்சர், ரேஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு மறுகாப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்புறுதி விற்கும் தொழில் எங்களுடையது. என் மேசையில் வருவது ஜப்பான் சூறாவளி, புளோரிடா அல்ல. ஆனாலும் ஏன் ஏறுகிறது என்ற உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி மியாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் ஊரைத் துடைத்தெடுத்தது. அதன்பின் பல காப்புறுதி நிறுவனங்கள் நொடித்துப்போயின. பெரிய தேசிய நிறுவனங்கள் மெல்ல மெல்லப் புளோரிடாவைக் குறைத்துக்கொண்டன. 2004இல் நான்கு சூறாவளிகள் அடுத்தடுத்து அடித்ததும் இன்னும் பின்வாங்கின. அந்த இடத்துக்கு வந்தவை பெரும்பாலும் அந்த மாநிலத்தில் மட்டுமே தொழில் செய்யும் சிறு நிறுவனங்கள். தனியே ஒரு பெரிய புயலைத் தாங்க அவற்றிடம் மூலதனம் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1க்கு முன் பெர்முடாவிலும் லண்டனிலும் ஐரோப்பாவிலும் மறுகாப்புறுதி வாங்குகின்றன. உங்கள் தங்கை கட்டும் சந்தாவில் கணிசமான பங்கு அங்கே போகிறது. இயன் போன்ற இழப்புக்குப் பிறகு 2023இல் அந்த விலை கடுமையாக ஏறியது. நான் பார்க்கும் ஜப்பான் ஒப்பந்தங்கள் ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுபவை, அவற்றிலும் அந்தச் சூடு தெரிந்தது. எல்லாரும் ஒரே கிணற்றில் இறைக்கிறோம்.

இரண்டாவது காரணம் வழக்கு. 2022வரை நாட்டின் வீட்டுக் காப்புறுதிக் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூடப் புளோரிடாவில் இல்லை, ஆனால் நீதிமன்றம் போன வழக்குகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் அங்கேதான் இருந்தன. கூரைக்காரர் வீட்டுக்காரரிடம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு நிறுவனத்தின்மேல் வழக்குப் போடுவார், வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே கட்ட வேண்டியிருந்தது. 2022இல் மட்டும் ஆறு நிறுவனங்கள் திவாலாயின. அந்த டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி இரண்டு வழியையும் அடைத்தார்கள். அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட புதிய நிறுவனங்கள் உள்ளே வந்திருக்கின்றன. எனவே 4,100 இலிருந்து 6,900 என்ற தாவலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பல நிறுவனங்களுக்கு விற்கும் சுயேச்சை முகவர் ஒருவரிடம் வேறு விலைகள் கேட்கச் சொல்லுங்கள். தனியாரிடம் கிடைக்காதவர்களுக்கு 2002இல் மாநிலம் உருவாக்கிய சிட்டிசன்ஸ் நிறுவனம் இருக்கிறது. ஆனால் தனியார் விலை சிட்டிசன்ஸ் விலையைவிட 20 விழுக்காட்டுக்குள் கூடுதலாக இருந்தால் அதில் சேர முடியாது. சேர்ந்தால் வெள்ளப் பாலிசியும் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2027க்குள் அதன் வீட்டுப் பாலிசிக்காரர்கள் அனைவருக்கும் வருகிறது.

வேதாரண்யத்து ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன கணக்கு பத்தாம் ஆண்டின் இறுதியில்தான் சரி. புயல் இரண்டாம் ஆண்டில் வந்தால் கையில் 13,800தான் இருக்கும். உங்கள் வீட்டை நிமிர்த்த அண்ணன் தம்பி நால்வர் இருந்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், டீச்சரும் அவர் தம்பியும் சேர்ந்து 380,000 டாலர் வீட்டை நிமிர்த்த முடியுமா? தவிர, காற்றை எடுத்துவிட்டாலும் தீக்கும் திருட்டுக்கும் அவர் 2,500 கட்டத்தான் போகிறார். மிச்சமாவது 4,400 மட்டும். பணமுள்ளவர் தன் பொறுப்பில் இருக்கலாம், அது அவருக்குச் சரியான முடிவாகக்கூட இருக்கும். ஒரே சொத்து வீடுதான் என்பவருக்கு அது பொருந்தாது. வெள்ளத்தைப் பிரித்தது அலைக்கழிப்பு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். தனியார் நிறுவனங்கள் வெள்ளத்தைத் தொட மறுத்ததால்தான் அரசே 1968இல் இறங்கியது.

1921க்குப் பிறகு நேராக வரவில்லை என்ற வாதத்துக்கும் பதில் சொல்கிறேன். ஆண்ட்ரூவுக்கு முன்னால் நிறுவனங்களும் அப்படித்தான் பழைய இழப்புப் பட்டியலை வைத்து விலை போட்டன. இப்போது கணினியில் ஆயிரக்கணக்கான புயல் பாதைகளை ஓட்டிப் பார்த்து விலை போடுகிறார்கள். தாம்பா விரிகுடா ஆழமில்லாதது. வடக்குப் பக்கம் கரையைக் கடக்கும் புயல் அதற்குள் கடலைத் திணிக்கும். மில்டன் தெற்கே கடந்ததால் காற்று எதிர்த் திசையில் அடித்து விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்தது. சிறிது வடக்கே நகர்ந்திருந்தால் கதை வேறு. இந்தச் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி சுழலாது என்று பாடநூல் சொல்லியது. 2001 டிசம்பர் இறுதியில் ஏறக்குறைய 1.4 டிகிரி வட அகலாங்கில், ஜொகூருக்குக் கிழக்கே கடலில், வாமெய் சூறாவளி உருவானது.

10 விழுக்காடு டிடக்டிபிள் வேண்டாம். 38,000 டாலர் அவரிடம் கையில் இருக்கிறதா? 5 விழுக்காடு என்றால் 19,000. அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். புளோரிடாவில் சூறாவளி டிடக்டிபிள் நாள்காட்டி ஆண்டுக்கு ஒருமுறை என்பது நல்ல அம்சம். ஹெலீனும் மில்டனும்போல் ஒரே ஆண்டில் இரண்டு வந்தால், முதல் புயலில் செலவான தொகை இரண்டாவதற்குக் கழிக்கப்படும். அதனால் சிறிய சேதத்தையும் ரசீதோடு நிறுவனத்துக்குத் தெரிவித்து வைக்க வேண்டும்.

அங் மோ கியோ ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, உங்கள் அக்கறையையும் குறைத்துச் சொல்லமாட்டேன், தென்னையை இழந்தவர் பேச்சில் பொருள் இருக்கிறது.

ஞாயிறு காலை தங்கையோடு வெகுநேரம் பேசினேன். வெள்ளப் பாலிசி அவளிடம் இல்லை. கடன் இருந்தவரை வங்கி கேட்டதால் வைத்திருந்தாள், அடைத்த ஆண்டே விட்டுவிட்டாள். வெள்ள மண்டலம் ஏஇ, அதாவது வெள்ள அபாயம் அதிகமுள்ள பகுதி, என்று பழைய தாளில் இருக்கிறது. பாதி மதிப்பு விதியை அவளும் அறிந்திருக்கிறாள், ஷோர் ஏக்கர்ஸில் அவளுடைய தோழி ஒருவர் அதில்தான் சிக்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறியது. காற்றுத் தாங்குதிறன் படிவம் வீடு வாங்கியபோது எடுத்தது, எப்போதோ காலாவதியாகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் ஒரு தள்ளுபடியும் இல்லாமல் கட்டியிருக்கிறாள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. புதுப்பிக்கச் சொல்லி முகவர் ஒருமுறையாவது நினைவூட்டியிருக்க வேண்டாமா?

கைப்பட எழுதும் தாளை எழுதமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். வெள்ளப் பாலிசிக்கான பணத்தைத் தம்பியும் நானும் இந்த வாரமே அனுப்புகிறோம். ஆய்வாளரை வரச்சொல்லியாயிற்று. 2 விழுக்காட்டை அப்படியே வைத்துக்கொள்கிறாள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். புது நிறுவனம் ஒன்று மலிவாகக் கொடுத்து, அது நொடித்துப்போனால் என்ன ஆகும்? கிடைத்த விலைகளை ஒப்பிடும்போது எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும்?

மறுகாப்புறுதி ஊழியர்:

நொடித்தால் புளோரிடா காப்புறுதி உத்தரவாதச் சங்கம் பொறுப்பேற்கும். ஒரு கோரிக்கைக்கு 300,000 டாலரும், கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் கூடுதலாக 200,000 டாலரும் வரம்பு. உங்கள் தங்கை வீடு அதற்குள் அடங்கும். ஆனால் பணம் வர நாளாகும். நிறுவனத்தின் நிதித் தரமதிப்பீட்டை முகவரிடம் கேட்டு, கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கட்டட விதிக்கான கூடுதல் தொகை. 25 அல்லது 50 விழுக்காடு என்று இருக்கும். 1978 வீட்டைச் சீர்செய்யும்போது 2002இல் நடைமுறைக்கு வந்த புளோரிடா கட்டட விதிப்படி கட்ட வேண்டும், அந்த வித்தியாசச் செலவை இந்த வரிதான் ஏற்கும். அடுத்து கூரைக்கு முழு விலையா, தேய்மானம் கழித்தா என்பது. சந்தாத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள்.

பொங்கோல் வாசி:

அக்கா, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். புது நிறுவனத்திடமிருந்து பாலிசி எண்ணும் தொடக்கத் தேதியும் எழுத்தில் வரும்வரை பழையதை ரத்து செய்ய வேண்டாம். மாநிலத்துக்கு அருகே புயல் உருவாகிவிட்டால் எந்த நிறுவனமும் புதுப் பாலிசி எழுதாது, பழையதில் மாற்றமும் செய்யாது. புயல் கடந்து போகும்வரை கதவடைப்புதான். இடையில் ஒரு நாள்கூட வெறுமையாக இருக்கக் கூடாது.

ஆய்வுக்கு முன் வீட்டின் உள்ளும் புறமும் அறை அறையாகப் படம் பிடித்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். அலமாரிகளைத் திறந்து, மின்சாதனங்களின் வரிசை எண் தெரியும்படி. கோரிக்கையைத் தெரிவிக்க இப்போது ஓராண்டு அவகாசம்தான். புயலுக்குப் பிறகு மின்சாரமும் இணையமும் இல்லாமல் அவர் அங்கே தவிக்கும்போது, நீங்கள் அங் மோ கியோவில் உட்கார்ந்து அந்தப் படங்களை அனுப்பிக் கோரிக்கையைத் தொடங்கி வைக்கலாம். முகவரிடம் உங்கள் பெயரையும் பேசும் உரிமையோடு பதிவு செய்துவைக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள்.